‘ரிசீட்’ என்னும் ஆங்கில வினைச்சொல்: பொருள், பிறப்பு, பயன்பாடு – ஒரு முழுமையான வழிகாட்டி

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடலூரிலும் புதுச்சேரியிலும் ஆங்கில நாளிதழ் படிப்பவர்கள் ‘ரிசீட்’ என்னும் வினைச்சொல்லை அடிக்கடி சந்திப்பார்கள். தென்பெண்ணையிலும் கெடிலத்திலும் வெள்ளம் வடிந்தது, தேவனாம்பட்டினத்தில் கடல் உள்வாங்கியது, புதுச்சேரிக்கு வடக்கே கரை உள்ளே தள்ளிப்போனது என்று நாம் தமிழில் மூன்று வினைகளால் சொல்லும் செய்திகளை ஆங்கிலம் இந்த ஒரே வினையால் சொல்லிவிடுகிறது. அகராதியைத் திறந்தால் ‘பின்வாங்கு’, ‘பின்செல்’ என்ற அளவில் விளக்கம் நின்றுவிடுகிறது. அதை மட்டும் நம்பி மொழிபெயர்ப்பவர் ‘வெள்ளம் பின்வாங்கியது’ என்று எழுதிவிட்டு, அது தமிழாக ஒலிக்காததன் காரணம் புரியாமல் தடுமாறுகிறார்.

மேல்நிலை வகுப்பு மாணவர்களும், போட்டித் தேர்வு எழுதுவோரும், செய்தி மொழிபெயர்ப்பாளர்களும் இந்தச் சொல்லை ஐயமின்றிக் கையாள வேண்டும் என்பதற்காக இவ்வழிகாட்டியைப் படிப்படியாக எழுதுகிறேன். பொருள்களை வரிசையாக மனப்பாடம் செய்வதால் இந்தச் சொல் வசப்படாது. நகர்வது எது, அதை எங்கே நின்று பார்க்கிறோம் என்ற இரண்டு கேள்விகளை ஒவ்வொரு வாக்கியத்திலும் கேட்டுப் பழகினால் வசப்படும். கீழே வரும் படிகள் அனைத்தும் அந்த இரண்டு கேள்விகளை நோக்கியே செல்கின்றன.

படி 1: எழுத்தையும் ஒலியையும் உறுதிசெய்துகொள்ளுதல்

இந்தச் சொல்லின் எழுத்துகள் ஆர், இ, சி, இ, டி, இ ஆகிய ஆறு. இரண்டு அசைகள் உள்ளன. அழுத்தம் இரண்டாவது அசையில் விழுகிறது. முதல் அசை குறுகி ‘ரி’ என்று ஒலிக்கும். நடுவிலுள்ள சி என்னும் எழுத்துக்கு ‘ஸ’ ஒலி. இறுதியிலுள்ள இ ஒலிக்காது. சொல் முடியும் ஒலிதான் நமக்குச் சிக்கலானது. பணம் செலுத்தியதற்குத் தரும் சீட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் தமிழில் ‘ரிசீட்’ என்றே எழுதுகிறோம். அந்தச் சொல்லில் பி என்ற எழுத்து ஒலிக்காமல் நிற்க, இறுதியில் வல்லோசையுடைய டி வருகிறது. நம் வினைச்சொல்லிலோ ‘வீடு’ என்பதில் வரும் டகரத்தைப் போன்ற மெல்லிய ஒலி வருகிறது; சீட்டைக் குறிக்கும் சொல்லில் ‘வீட்டு’ என்பதில் வரும் டகரத்தின் ஒலி வருகிறது. இரண்டையும் மாறி மாறி உரக்கச் சொல்லிப் பார்த்தால், வினைச்சொல்லில் உயிரொலி சற்று நீண்டு ஒலிப்பதையும் உணரலாம்.

இங்கே ஒரு செய்தியைச் சேர்த்துச் சொல்வது தகும். கடைகளிலும் அலுவலகங்களிலும் நாம் கேட்கும் ‘ரசீது’ என்ற சொல்லை ஆங்கிலத்தின் திரிபு என்று பலர் எண்ணுகிறார்கள். அது பாரசீகச் சொல். ‘வந்து சேர்ந்தது’ என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து இந்துஸ்தானி வழியாக நம்மிடம் வந்தது. ஆங்கிலச் சீட்டுச் சொல்லோ ‘பெற்றுக்கொள்’ என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது. ஒலி ஒத்திருப்பது தற்செயலே. இவ்விரண்டுக்கும் நம் வினைச்சொல்லுக்கும் உறவு எதுவும் இல்லை.

படி 2: வேரைப் பிரித்துப் பார்த்தல்

‘ரிசீட்’ 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற்குள் வந்தது. பழைய பிரெஞ்சு வழியாகவும் நேரே இலத்தீனிலிருந்தும் வந்ததாகச் சொல்லாய்வாளர் கொள்கின்றனர். இலத்தீன் வடிவம் ‘ரெகேதெரே’ என்பது. முன்னொட்டாகிய ‘ரெ’ இங்கே ‘பின்னோக்கி’ என்று பொருள்படும். ‘மறுபடியும்’ என்ற அதன் இன்னொரு பொருள் இந்தச் சொல்லில் இல்லை. அடியாகிய ‘கேதெரே’ என்ற வினைக்கு இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, செல்லுதல். மற்றொன்று, இடம் விட்டு விலகுதல், அதாவது இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்தல்.

இந்த இரட்டைப் பொருளைப் பற்றிக்கொண்டால் ஒரு பெருங்குடும்பமே விளங்கிவிடும். ‘செல்லுதல்’ என்ற பொருளிலிருந்து முன்னே செல்வதற்கு ‘புரொசீட்’, பிறிதொன்றுக்கு முன்பாக வருவதற்கு ‘பிரிசீட்’, எல்லை கடந்து செல்வதற்கு ‘எக்ஸீட்’, பிரிந்து செல்வதற்கு ‘சிசீட்’ ஆகியவை பிறந்தன. ‘விட்டுக்கொடுத்தல்’ என்ற பொருளிலிருந்து ஒப்புக்கொள்வதைக் குறிக்கும் ‘கன்சீட்’ பிறந்தது. பேருந்துக் கட்டணத்தில் மாணவர்களுக்குக் கிடைக்கும் ‘கன்செஷன்’ அதன் பெயர்ச்சொல். பிரெஞ்சு மொழியில் இதே வேரின் வினை ‘செதே’ என்று இன்றும் வழங்குகிறது. பிரான்சின் சாலைகளில் வழிவிடச் சொல்லும் பலகையில் எழுதியிருப்பது அதன் ஏவல் வடிவம்தான். பிரெஞ்சு தெரிந்த புதுச்சேரிக் குடும்பங்களில் இறப்புச் சான்றிதழை ‘அக்த் தெ தெசே’ என்று சொல்லக் கேட்கலாம். அதிலுள்ள ‘தெசே’ என்பதும் ‘விலகிச் சென்றது’ என்ற இலத்தீன் சொல்லின் வழித்தோன்றலே. முன்னோரைக் குறிக்கும் ‘ஆன்செஸ்டர்’ முன்னே சென்றவர் என்ற பொருளுடையது. ‘நெசஸரி’ என்ற சொல்கூட விலக முடியாதது என்ற கருத்திலிருந்து வந்ததாகவே விளக்கப்படுகிறது.

புதுச்சேரியின் வரலாற்றைப் படிப்பவர்கள் இந்தக் குடும்பத்தின் இன்னொரு உறுப்பைத் தவிர்க்க முடியாது. கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று நடந்த வாக்கெடுப்பில் 178 பிரதிநிதிகளுள் 170 பேர் இந்தியாவுடன் இணைவதற்கு வாக்களித்தனர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஆனால் சட்டப்படியான உரிமை மாற்றத்திற்கு ஓர் உடன்படிக்கை தேவைப்பட்டது. 1956 மே 28 அன்று கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்த அந்த உடன்படிக்கையின் ஆங்கிலப் பெயரில் இருப்பது ‘செஷன்’ என்னும் சொல். ஒரு நாடு தன் ஆட்சிப் பகுதியை மற்றொரு நாட்டுக்கு விட்டுக்கொடுப்பதை அது குறிக்கிறது. நீதிமன்ற அமர்வையும் சட்டமன்றக் கூட்டத்தொடரையும் குறிக்கும் ‘செஷன்’ முற்றிலும் வேறு சொல். அது ‘உட்கார்’ என்னும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. இரண்டும் ஒரே மாதிரி ஒலிப்பதால் வரலாற்று மாணவர்கள் எழுத்துக்கூட்டலில் கவனமாக இருக்க வேண்டும்: விட்டுக்கொடுத்தலுக்குச் சி முதலெழுத்து, அமர்வுக்கு எஸ் முதலெழுத்து.

இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் முன்னொட்டுக்குப் பின் சிறு கோடிட்டு ‘ரீ-சீட்’ என்று எழுதினால், அதன் பொருள் பின்செல்லுதல் ஆகாது. பெற்ற நிலத்தைத் திரும்பக் கொடுத்தல் என்று ஆகும். அங்கே முன்னொட்டு நீண்டு ‘ரீ’ என்று ஒலிக்கும். புதுச்சேரியின் கதை முழுவதும் இந்தச் சொல்லுக்கான எடுத்துக்காட்டுகள்தாம். 1693இல் டச்சுக்காரர் பிடித்த நகரம் 1697இன் உடன்படிக்கையால் பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பக் கொடுக்கப்பட்டது. 1761இல் ஆங்கிலேயர் பிடித்தது 1763இன் பாரிசு உடன்படிக்கையால் திரும்பியது. அதன் பிறகும் 1778இலும் 1793இலும் கைமாறி மீண்டும் மீண்டும் திரும்பியது. கோட்டிட்ட சொல்லுக்குச் செயப்படுபொருள் உண்டு: ஒரு நாடு நகரத்தை இன்னொரு நாட்டுக்குத் திரும்பக் கொடுக்கிறது. கோடில்லாத சொல்லுக்குச் செயப்படுபொருளே கிடையாது. அடுத்த படி அதைப் பற்றியது.

படி 3: தன்வினை என்பதை மறவாதிருத்தல்

தமிழில் ‘வடிந்தது’, ‘வடித்தது’ என்ற இரண்டையும் நாம் குழப்பிக்கொள்வதே இல்லை. தெருவில் நின்ற தண்ணீர் தானே வடிந்தது. நகராட்சி ஊழியர்கள் மோட்டார் வைத்து அதை வடித்தார்கள். முன்னது தன்வினை, பின்னது பிறவினை. ‘ரிசீட்’ எப்போதும் ‘வடிந்தது’ என்னும் பக்கத்தைச் சேர்ந்தது. ஊழியர்கள் தண்ணீரை ‘ரிசீட்’ செய்தார்கள் என்று எழுத முடியாது. அங்கே ‘ட்ரெயின்’ என்ற வினையோ ‘பம்ப் அவுட்’ என்ற தொடரோ வேண்டும்.

இதிலிருந்தே அடுத்த விதி கிடைக்கிறது. பிறவினையாக வராத சொல்லுக்குச் செயப்பாட்டுவினையும் கிடையாது. நம் ஊர் அறிக்கைகளிலும் மாணவர் கட்டுரைகளிலும் ‘த வாட்டர் வாஸ் ரிசீடெட்’ என்ற பிழை அடிக்கடி தென்படுகிறது. ‘த வாட்டர் ரிசீடெட்’ என்றோ, ‘த வாட்டர் ஹாஸ் ரிசீடெட்’ என்றோ, இன்னும் வடிந்துகொண்டிருந்தால் ‘த வாட்டர் இஸ் ரிசீடிங்’ என்றோ எழுதுவதே சரி. எங்கிருந்து விலகியது என்று சொல்ல வேண்டுமானால் ‘ஃபிரம்’ சேர்க்க வேண்டும். ‘பேக்’ என்ற சொல்லைப் பின்னால் ஒட்டவே கூடாது. பின்னோக்கி என்ற பொருள் முன்னொட்டிலேயே இருக்கிறது.

படி 4: நகர்வது எது என்று கேட்டல்

இந்தச் சொல்லின் உயிர்நிலை இதுதான். ஆகவே இந்தப் படியில் அவசரப்படாமல் நிற்க வேண்டும்.

‘கடல் ரிசீட் ஆனது’ என்ற வாக்கியமும் ‘கடற்கரை ரிசீட் ஆனது’ என்ற வாக்கியமும் ஒரே வினையைக் கொண்டவை. ஆனால் ஒன்றுக்கொன்று நேர் எதிரான நிகழ்ச்சிகளைச் சொல்பவை. கடல் பின்சென்றால் நிலம் வெளியே தெரிகிறது. மணலும் பாறையும் நனைந்த தரையும் கண்ணில் படுகின்றன. கரை பின்சென்றால் நிலம் போய்விடுகிறது. நேற்று வரை வலை உலர்த்திய இடத்தில் இன்று தண்ணீர் நிற்கிறது. வாக்கியத்தின் எழுவாயைச் சரியாகக் கவனிக்காத மொழிபெயர்ப்பாளர், மீனவக் கிராமத்துக்கு நேர்ந்த இழப்பைக் கடல் விலகிய செய்தியாக மாற்றிவிடக்கூடும்.

புதுச்சேரிக் கடற்கரை இதற்குக் கண்ணெதிரே நிற்கும் பாடம். நம் கரையோரத்தில் ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே கொண்டு செல்கின்றன. வடகிழக்குப் பருவக் காற்றின் காலத்தில் மட்டும் அந்த ஓட்டம் திரும்புகிறது. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கல்கரைகள் கடலுக்குள் நீட்டிக் கட்டப்பட்டபோது, வடக்கே போக வேண்டிய மணல் தெற்குப் பக்கத்திலேயே தங்கிவிட்டது. தெற்கே கடற்கரை அகன்றது. வடக்கே மணல் வரத்து இல்லாமல் நகரத்தின் கரை அரிக்கப்பட்டது. கடற்கரைச் சாலையை ஒட்டிக் கருங்கற்களைக் கொட்டி நகரத்தைக் காத்தபோது, அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்து மீனவர் குப்பங்களைத் தாக்கியது. பின்னர் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு அருகே கடலுக்குள் அமைத்த மூழ்குதிட்டால் ஒரு பகுதியில் மணற்பரப்பு மீண்டும் உருவானது. இவை பற்றிய ஆங்கில அறிக்கைகளில் ‘ஷோர்லைன் ரிசெஷன்’ என்ற தொடர் வரும். அதைக் ‘கடல் பின்வாங்குதல்’ என்று மொழிபெயர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும். ‘கரை பின்னடைதல்’ என்றோ, மக்கள் வழங்கும் ‘கடல் அரிப்பு’ என்ற தொடரையோ எழுத வேண்டும்.

கடலே எழுவாயாக வரும்போது தமிழில் மிகப் பொருத்தமான வினை ‘உள்வாங்கு’ என்பது. ஆங்கிலச் சொல் கரையில் நிற்பவரின் கண்ணிலிருந்து பார்க்கிறது: தண்ணீர் என்னை விட்டு விலகிப் போகிறது. தமிழ்ச் சொல் கடலின் பக்கம் நின்று பேசுகிறது: கடல் தன்னைத் தனக்குள் இழுத்துக்கொள்கிறது. இரண்டு பார்வைகளும் ஒரே நிகழ்ச்சியைச் சரியாகவே சொல்கின்றன. மொழிபெயர்ப்பவர் பார்வையை மாற்றிக்கொள்ளத் தயங்க வேண்டியதில்லை.

கடல் உள்வாங்கினாலே சுனாமி என்று அஞ்சும் பழக்கம் 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நம் கரையில் வேரூன்றியது. அதனால் இதையும் தெளிவுபடுத்த வேண்டும். நம் கரையில் நாள்தோறும் ஓதம் ஏறி இறங்குவது ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள் அடங்கும். அந்த இறக்கத்துக்கு ஆங்கிலத்தில் ‘ரிசீட்’ என்பதையும் பயன்படுத்தலாம் என்றாலும், ‘எப்’ என்ற பழைய ஆங்கிலச் சொல்லே உரியது. சுனாமியின்போது கடல் பின்செல்வது வேறு வகை: அலையின் பள்ளம் கரையை முதலில் அடைந்தால் கடல் பெருந்தொலைவு விலகும், முகடு முதலில் அடைந்தால் விலகாமலேயே நீர் ஏறிவரும். 2004இல் கிழக்கே தாய்லாந்துக் கரையில் கடல் முதலில் விலகியது. மேற்கே இருந்த நம் பக்கத்துக்கு ஏறிவந்த நீரே முதலில் வந்தது, அலைகளுக்கு இடையில்தான் கடல் பின்சென்றது. கடல் உள்வாங்கவில்லை என்பதால் ஆபத்து இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. ‘சுனாமிக்கு முன் கடல் எப்போதும் ரிசீட் ஆகும்’ என்று பாடக்குறிப்புகளில் எழுதுவோர் அந்த ‘எப்போதும்’ என்ற சொல்லை நீக்கிவிட வேண்டும்.

வெள்ளத்துக்கு வருவோம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது நகரத்தில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. தொடர்ந்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரால் தென்பெண்ணை பெருக்கெடுத்துக் கடலூர்ப் பகுதியைச் சூழ்ந்தது. இத்தகைய நாள்களின் ஆங்கிலச் செய்திகளில் ‘ரிசீட்’, ‘சப்ஸைட்’ என்ற இரண்டும் கலந்து வரும். ‘சப்ஸைட்’ கீழே படிதலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது; நீர்மட்டம் இறங்குவதையும், சீற்றம் தணிவதையும், மண் அமிழ்வதையும் அது சொல்லும். ‘ரிசீட்’ பரப்பைப் பார்க்கிறது: தெருக்களையும் வயல்களையும் விட்டு நீர் விலகுகிறது. காற்றைப் பற்றிப் பேசும்போது ‘சப்ஸைட்’ பொருந்தும், ‘ரிசீட்’ பொருந்தாது. தமிழில் ‘வடிதல்’ என்ற ஒரே சொல் நீரின் இறக்கத்தையும் விலகலையும் சேர்த்துத் தாங்குகிறது. அதனால்தான் ‘வெள்ளம் பின்வாங்கியது’ என்பதைவிட ‘வெள்ளம் வடிந்தது’ என்பது இயல்பாக ஒலிக்கிறது.

படி 5: எங்கே நின்று பார்க்கிறோம் என்று கேட்டல்

உண்மையில் நகராத ஒன்றையும் இந்த வினையால் சொல்லலாம். மீன்பிடிப் படகில் ஏறிக் கடலூர் முதுநகர்த் துறையை விட்டுக் கிழக்கே போகிறவருக்குக் கரைதான் பின்னே போவதாகத் தோன்றும். கட்டடங்களும் தென்னைகளும் சிறுத்து மறையும். ஆங்கிலத்தில் அந்தக் கரை ‘ரிசீட்’ ஆகிறது. துறையை விட்டுக் கப்பல் நகர நிலமும் நகரங்களும் பின்செல்வதாகச் சொல்லும் பழைய இலத்தீன் கவிதை வரி ஒன்றில் இதே வினை இதே பொருளில் வருகிறது. ஆகவே இது ஆங்கிலம் புதிதாகச் சேர்த்த பொருள் அன்று. எட்டிப்போகும் நம்பிக்கையையும், நினைவிலிருந்து மங்கும் முகத்தையும், நீங்கிவரும் ஆபத்தையும் இந்த வினையால் சொல்வது இந்தத் தோற்ற நகர்விலிருந்து கிளைத்தது. தமிழாக்கும்போது ‘மங்கியது’, ‘தேய்ந்தது’, ‘நீங்கியது’, ‘எட்டாமல் போனது’ என்று இடத்துக்கேற்ற வினையை எடுக்க வேண்டும். இவற்றில் ‘பின்வாங்கு’ என்பதற்கு வேலையே இல்லை.

வானியல் இதே சொல்லை மெய்யான விலகலுக்கு எடுத்துக்கொண்டது. விண்மீன் மண்டலங்கள் தொலைவுக்கு ஏற்ப வேகமாக விலகிச் செல்வதை எட்வின் ஹபிள் 1929இல் வெளியிட்டார். அந்த விலகல் வேகத்துக்கு ஆங்கிலப் பெயர் ‘ரிசெஷன் வெலாசிட்டி’. நிலவும் ஆண்டுக்கு ஏறக்குறைய 3.8 செ.மீ. அளவு பூமியை விட்டு விலகுகிறது. அப்போலோ பயணங்களில் அங்கே வைத்துவிட்டு வந்த எதிரொளிப்பான்களின் மேல் லேசர் கதிரைச் செலுத்தி இதை அளக்கிறார்கள். கடல் ஓதங்களின் உராய்வே இந்த விலகலுக்குக் காரணம் என்பதால், ஓதத்தை எழுப்பும் நிலவே ஓதத்தால் விலகிச் செல்கிறது.

உடலைப் பற்றிய வழக்குகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். முன்தலையில் முடி குறைவதை ஆங்கிலம் முடியின் எல்லைக்கோடு பின்செல்வதாகச் சொல்கிறது. நாமோ ‘நெற்றி ஏறிவிட்டது’ என்கிறோம். எழுவாய் மாறினாலும் செய்தி ஒன்றே. பல்லை விட்டு ஈறு விலகுவதற்கும் இதே வினை. தமிழில் ‘ஈறு இறங்கிவிட்டது’ என்பார்கள்.

படி 6: வழித்தோன்றல்களை அறிதல்

‘ரிசெஸ்’ என்ற பெயர்ச்சொல் 16ஆம் நூற்றாண்டில் பின்செல்லுதல் என்ற பொருளோடு வந்து, பிறகு ஒதுங்கிய இடத்தையும் பணியிலிருந்து விலகியிருக்கும் இடைவேளையையும் குறிக்கலாயிற்று. சுவரில் விளக்கு வைக்கும் மாடக்குழியும், நாடாளுமன்றக் கூட்டத்தொடரின் இடைவேளையும் ஒரே சொல்லால் சுட்டப்படுவதற்கு இதுவே காரணம்.

‘ரிசெஷன்’ 17ஆம் நூற்றாண்டிலிருந்து வழங்குகிறது. தேவாலய வழிபாட்டின் தொடக்கத்தில் குருக்கள் பீடத்தை நோக்கி வருவது ‘புரொசெஷன்’ என்றால், முடிவில் அவர்கள் திரும்பிச் செல்வது ‘ரிசெஷன்’. பொருளாதாரச் சுணக்கம் என்ற பொருள் 1929ஆம் ஆண்டு அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்த காலத்தை ஒட்டியே நிலைபெற்றது. தமிழ் இதழ்களில் ‘பொருளாதார மந்தநிலை’ என்பது வேரூன்றிவிட்டது. அதை மாற்ற வேண்டியதில்லை.

என் பார்வையில் இந்தக் குடும்பத்தில் மிகவும் சிறந்த சொல்லாக்கம் ‘ரிசெஸிவ்’ என்பதுதான். கிரிகோர் மெண்டல் 1866இல் அச்சான தன் பட்டாணி ஆய்வில், கலப்பினச் செடியில் வெளிப்படையாகத் தெரியும் பண்பை ஓங்கியது என்றும், தெரியாமல் போகும் பண்பை இந்த இலத்தீன் வேரிலிருந்து எடுத்த சொல்லாலும் குறித்தார். அந்தப் பண்பு கலப்பினத்தில் பின்சென்று மறைகிறது, ஆனால் அழிவதில்லை, அடுத்த தலைமுறையில் மாற்றமின்றித் திரும்ப வருகிறது என்பதே தன் தேர்வுக்கான காரணம் என்று அவரே விளக்கியிருக்கிறார். உருண்டை விதையும் சுருங்கிய விதையும் கலந்த செடிகளின் அடுத்த தலைமுறையில் 5,474 உருண்டை விதைகளும் 1,850 சுருங்கிய விதைகளும் கிடைத்தன. பின்சென்ற பண்பு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகத் திரும்பி வந்தது. நம் பாடநூல்களில் இதற்கு ‘ஒடுங்கு பண்பு’ என்று வழங்குவது அழகான தேர்வு. ஒடுங்கியது மீண்டும் விரியும் என்ற குறிப்பு அந்தத் தமிழ்ச் சொல்லுக்குள் இருக்கிறது.

படி 7: எழுத்துக்கூட்டலைப் பிழையின்றிக் கற்றல்

ஒரே ஒலியில் முடியும் இந்தச் சொற்களை எழுதுவதில் ஆங்கிலேயரே தடுமாறுகிறார்கள். ஆயினும் விதி எளியது. ‘எக்ஸீட்’, ‘புரொசீட்’, ‘சக்ஸீட்’ ஆகிய மூன்றில் மட்டும் இரட்டை இ வரும். ‘சூப்பர்சீட்’ ஒன்றில் மட்டும் எஸ் வரும். அது ‘மேலே உட்கார்’ என்ற பொருளுடைய வேறு இலத்தீன் வினையிலிருந்து, அதாவது நீதிமன்றச் செஷனைத் தந்த அதே வேரிலிருந்து வந்தது. மற்ற அனைத்தும், நம் வினைச்சொல் உட்பட, சி, இ, டி, இ என்றே முடியும். ஒப்பந்தத்தை நீக்குவதைக் குறிக்கும் ‘ரிஸிஷன்’ என்ற சட்டச் சொல்லை ‘ரிசெஷன்’ என்பதோடு சேர்த்துவிடக் கூடாது. அது ‘வெட்டு’ என்னும் வேருடையது.

படி 8: அண்டைச் சொற்களிலிருந்து பிரித்தறிதல்

படை பின்வாங்கினால் ‘ரிட்ரீட்’. அது திட்டமிட்டு, கட்டளைப்படி நிகழ்வது. ‘பின்னே இழு’ என்ற இலத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. புதுச்சேரிக்கு இந்தச் சொல் வேறொரு வழியிலும் பழக்கமானது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றித் திரும்பிய முன்னாள் படைவீரர்கள் பெறும் ஓய்வூதியத்துக்குப் பிரெஞ்சில் ‘ரெத்ரேத்’ என்று பெயர். பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14க்கு முந்தைய மாலையில் அவர்கள் விளக்குகளோடு நடத்தும் அணிவகுப்பின் பெயரிலும் அதே சொல் இருக்கிறது. அங்கே அது ஓய்வூதியத்தைக் குறிக்காது; மாலையில் வீரர்களைப் பாசறைக்குத் திரும்ப அழைத்த பழைய முரசொலியைக் குறிக்கும். தில்லியில் ஜனவரி 29 அன்று நடக்கும் பாசறை திரும்பும் நிகழ்ச்சியின் ஆங்கிலப் பெயரிலுள்ள ‘ரிட்ரீட்’ என்பதும் அதே பொருளுடையதுதான்.

‘வித்ட்ரா’ என்பது தூய ஆங்கிலம். முன் பகுதி ‘அப்பால்’ என்ற பழம்பொருளையும் பின் பகுதி இழுத்தலையும் குறிக்கிறது. அது செயப்படுபொருளை ஏற்கும்: வங்கியிலிருந்து பணத்தையும், நீதிமன்றத்திலிருந்து மனுவையும் எடுக்கலாம். அதிர்ந்து பின்வாங்குவதற்கு ‘ரிகாயில்’. துப்பாக்கி சுட்டதும் தோளை இடிப்பதும் அதுவே. சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்குவதற்கு நம் நீதிமன்ற ஆங்கிலத்தில் ‘ரிஸைல்’ என்ற சொல் வழங்குகிறது. ‘பின்னே தாவு’ என்பது அதன் வேர்ப்பொருள்.

இவற்றிலெல்லாம் ஒரு மனமோ ஒரு விசையோ வேலை செய்கிறது. ‘ரிசீட்’ பெரும்பாலும் மனமற்ற பொருள்களுக்கு உரியது: நீர், கரை, ஒலி, நினைவு, விண்மீன். ஓர் அதிகாரி தன் முடிவிலிருந்து பின்வாங்கினார் என்பதற்கு இந்த வினையைப் பயன்படுத்துவது பழைய ஆங்கிலத்தில் உண்டு. இன்று எழுதுபவர்கள் அதைத் தவிர்த்து ‘வித்ட்ரா’ என்றோ ‘பேக் அவுட்’ என்றோ எழுதுவது நல்லது.

படி 9: பயிற்சி

கீழே வரும் வாக்கியங்களை ஆங்கிலமாக்கிப் பாருங்கள். ‘குடியிருப்பில் தேங்கிய நீரை இயந்திரம் கொண்டு வடித்தனர்’ என்பதில் பிறவினை இருப்பதால் ‘ரிசீட்’ வராது. ‘பெருமாள் ஏரியின் கரையோர வயல்களிலிருந்து நீர் வடிந்தது’ என்பதில் வரும். ‘புயலின் சீற்றம் தணிந்தது’ என்பதற்குச் ‘சப்ஸைட்’. ‘தேவனாம்பட்டினத்தில் கடல் உள்வாங்கியதால் மக்கள் அஞ்சினர்’ என்பதில் ‘ரிசீட்’, எழுவாய் கடல். ‘மணல் வரத்து நின்றதால் கரை ஆண்டுதோறும் உள்ளே தள்ளிப்போகிறது’ என்பதிலும் ‘ரிசீட்’, எழுவாய் கரை. ‘வாங்குபவர் ஒப்பந்தத்திலிருந்து பின்வாங்கினார்’ என்பதற்கு ‘ரிஸைல்’ அல்லது ‘பேக் அவுட்’. ‘1763இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைத் திரும்பக் கொடுக்க ஒப்பினர்’ என்பதற்குக் கோடிட்ட ‘ரீ-சீட்’. அந்தச் சிறு கோட்டை விட்டுவிட்டால் வாக்கியம் இலக்கணப்படியே தவறாகிவிடும்.